துப்பறியும் இளவரசனும் துரோகியென்னும் சொல்லும்

வரலாறு கற்பவர்க்கும் துப்பறியும் கதை படிப்பவர்க்கும் பொதுவாய் அமைந்த இன்பம் ஒன்றுண்டு. நடந்து முடிந்த ஒரு செயலை, கண்டார் எவரும் எஞ்சாத நிலையில், கிடைத்த சிறு குறிகளைக் கொண்டு மீளக் காண்பதே அவ்வின்பமாம். முன்னவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நோக்குகின்றார். பின்னவர் கதாசிரியர் ஆங்காங்கு இட்டுவைத்த தடயங்களை நோக்குகின்றார். இருவரும் கேட்கும் வினா ஒன்றே: இஃது எவ்வாறு அறியப்பட்டது? வரலாற்று நாவலை வீண்பொழுது என ஒதுக்கும் ஆசிரியரும், அதனையே வரலாறெனக் கொண்டு விடையெழுதும் மாணவரும் இவ்வினாவை மறந்தவராவர். அதனை மறவாது படிப்பார்க்கு நாவலின் சுவை குறைவதில்லை, பெருகவே செய்யும்.

மேனாட்டுத் துப்பறியும் கதைகளில் உயர்குடிப் பிறந்தான் ஒருவனைத் துப்பறிவோனாக்கும் வழக்கம் பெரிதும் விரும்பப்பட்டது. டொறதி சேயர்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியை 1923ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த பீற்றர் விம்சிப் பிரபு அவருட் புகழ்பெற்றவர். இத்தகைய பாத்திரத்தின் பயன் யாதெனில், அவருக்கு எந்த மாளிகையின் கதவும் திறக்கும். ஊதியத்துக்காக அவர் உழைப்பதில்லை. ஆதலின் உண்மையையன்றி வேறு எசமானர் அவருக்கில்லை. ஆயினும் அவருக்கு ஓர் இக்கட்டும் உண்டு. குற்றம் நிகழ்வது பெரும்பாலும் அவர்தம் சுற்றத்துள்ளேயாம். 1926ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலொன்றில் விம்சியின் தமையனே கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டு நிற்கின்றார். தன் குலத்தின்மேல் விழும் ஐயத்தையும் ஆராய வேண்டியவன் என்பதே உயர்குடித் துப்பறிவோனின் பெருமையும் துயரமுமாகும்.

தமிழில் வரலாற்று நாவலின் தொடக்கத்தில் ஈழத்தார் ஒருவர் நிற்கின்றார். திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' 1895ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாக அதனைக் கொள்வர். எனினும் வரலாறும் மருமமும் உயர்குடித் துப்பறிவோனும் ஒருங்கே பொருந்திய பெருங்கதையைத் தமிழர் பெற்றது கல்கியின் 'பொன்னியின் செல்வ'னாலேயே. 1950ஆம் ஆண்டு ஒக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கி 1954 வரை வெளிவந்த அக்கதை ஐந்து பாகங்களையுடையது. அதனை வீரக்கதையென்றும் காதற்கதையென்றும் பலர் பாராட்டியுள்ளனர். அதன் முதுகெலும்பு ஒரு கொலை வழக்கு என்பது அத்துணை எடுத்துப் பேசப்படுவதில்லை.

வல்லவரையன் வந்தியத்தேவன் வாணர் குலத்து இளவரசன். ஆனால் ஆள நாடில்லாதவன். ஒரு குதிரையும் வாளும் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளுமே அவன் கொண்டுள்ள செல்வம். நட்புக் காரணமாகக் கடம்பூர் மாளிகையில் அவனுக்கு இடம் கிடைக்கின்றது. நாடின்மை காரணமாக அவனை எவரும் பெரிதாக மதித்து அஞ்சுவதில்லை. துப்பறிவோனுக்கு இதனிலும் வாய்ப்பான நிலை வேறில்லை. நள்ளிரவில் சிற்றரசர் கூடிச் செய்யும் சதியை அவன் மறைந்திருந்து கேட்கின்றான். தஞ்சைக் கோட்டையினுள் நுழைகின்றான். நிலவறையில் வழி தேடுகின்றான். அவன் குறையற்றவன் அல்லன். அவசரக்காரன், வேண்டும்போது பொய்யும் புனைவான். அவன் கண்டு வருவனவற்றை நிறுத்துப் பார்க்கும் அறிவு பழையாறையில் இருக்கும் குந்தவைக்கே உரியது. ஒருவர் ஓடித் திரிந்து தடயம் சேர்க்க, மற்றவர் அமர்ந்து ஆராயும் இவ்வமைப்பு கல்கியின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டுவதாகும்.

இவ்விருவரும் முற்றுங் கற்பனைப் பிறவிகள் அல்லர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு, இராசராசனின் தமக்கையாராகிய குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் எனக் குறிப்பிடுகின்றது. வந்தியத்தேவனைப் பற்றி உறுதியாகத் தெரிவன மிகச் சில. அச்சிலவற்றின்மேல் ஐந்து பாகங்களை எழுப்பியதே நாவலாசிரியரின் ஆற்றல்.

ஈழத்து வாசகர்க்கு இந்நாவல் தரும் தனியின்பமொன்றும் உண்டு. இரண்டாம் பாகத்திலே வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழம் வருகின்றான். மாதோட்டத்துப் பாசறையில் நிறுத்தப்படுகின்றான். பின்னர் ஆழ்வார்க்கடியானோடு தம்புள்ளை நோக்கிச் செல்கின்றான். மாதோட்டத்திலிருந்து உள்நாடு புகுவார்க்கு அருவியாற்றுப் படுகை இயல்பான வழியாகும். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அவ்வாறு, கடலை நோக்கி வரும் வழியிற் செட்டிகுளப் புறத்தை அணுகிச் செல்கின்றது. பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய அக்காட்டுப் புறத்தை அறிந்த செட்டிகுளத்து வாசகர், நாவலின் காட்டுவழியைத் தம் ஊர்ப்புறமாகவே மனத்திற் கண்டு மகிழ்வர். கதையின் நிலம் தன் நிலமாகும்போது வாசிப்பின் சுவை வேறாகின்றது.

அச்சுவையினிடையே ஆராய்ச்சி துயிலலாகாது. நாவலில் இளவரசர் அருண்மொழி, தந்தையாகிய சுந்தரசோழர் வாழும் காலத்திலேயே ஈழப்படையை நடத்துகின்றார். சுந்தரசோழர் காலத்தில் ஈழப்போர் நிகழ்ந்தமையும், கொடும்பாளூர்ச் சிறியவேளார் ஈழத்திற் போர்க்களத்தில் மாண்டமையும் கல்வெட்டாற் புலப்படும். ஆனால் அருண்மொழியின் பெயரோடு உறுதியாகப் பிணைந்த ஈழவெற்றி, அவர் 985ஆம் ஆண்டில் இராசராசனாக முடிசூடிய பின்னர் நிகழ்ந்ததே. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றதும், அங்குத் தாழிகுமரன் என்பான் இராசராச ஈச்சுரம் எடுத்ததும் சோழராட்சி ஈழத்தில் நிலைபெற்றதன் விளைவுகளாம். நாவல் அவற்றின் சாயலை முன்னோக்கி இழுத்து வைத்துள்ளது. நாவலாசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு; வரலாற்று மாணவர்க்கு இல்லை.

இனிக் கொலையைக் காண்போம். வீரபாண்டியனின் தலை கொண்டவன் எனப் பட்டம் புனைந்த ஆதித்த கரிகாலன், சுந்தரசோழரின் மூத்த மகன், பட்டத்துக்குரியவன். அவன் 970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் கொல்லப்பட்டான். அவனுக்குப்பின் தம்பி அருண்மொழி அரசேறவில்லை. சிறிய தந்தை முறையினராகிய உத்தமசோழரே அரசேறினார். நாவலிற் கொலை கடம்பூர் மாளிகையில் நிகழ்கின்றது. நந்தினி அங்கிருக்கின்றாள், பெரிய பழுவேட்டரையர் இருக்கின்றார், இரவிதாசன் கூட்டத்தாரும் இருக்கின்றனர். விளக்கு அணைந்த இருளிற் செயல் முடிந்துவிடுகின்றது. பழி விழுவதோ துப்பறிய வந்த வந்தியத்தேவன்மேல், அவனே சிறைப்படுகின்றான். கொன்ற கை எவருடையது என்பதனை ஆசிரியர் ஐயத்துக்கு இடமின்றி அறுதியிட்டுரைக்கவில்லை. துப்பறியும் கதையின் முதற்சட்டத்தை அவர் மீறினார் எனச் சிலர் குறை கூறுவர். அது குறையன்று; கற்பனையிலும் பேணப்பட்ட நேர்மை எனலாம். கல்வெட்டு எங்கு நின்றதோ அங்கேயே நாவலும் நின்றது.

அக்கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலிலே உள்ளது. நாவலின் முதற்காட்சியில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையேறிச் செல்லும் வீரநாராயண ஏரி அவ்வூரை அடுத்தது. கொலைக்குப் பல மாதங்களுக்கு முன்னரே, கொலையாளிகளின் பெயரைத் தாங்கப்போகும் ஊரின் அயலிலே கதையைத் தொடக்கி வைத்திருப்பது கல்வெட்டை அறிந்து மீளப் படிப்பார்க்குப் பெரியதோர் உவகையாகும்.

கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. கொலை நிகழ்ந்து ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளின் பின்னது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசனாகிய இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசனாகிய பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கின்றது. அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகளும் பறிக்கப்படுதற்குரியவாயின. இப்பட்டங்களை உற்று நோக்குக. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பதோ சோழப்பட்டம். ஒருவனுடைய பட்டம் பாண்டியத் தொடர்பை நினைவூட்ட, மற்றவனுடைய பட்டம் சோழ அரசின் பணியை நினைவூட்டுகின்றது. முதற்பட்டத்தைப் பற்றிக்கொண்டு பாண்டியரின் பழிவாங்கலைக் கதையாக்கினார் கல்கி. இரண்டாம் பட்டம் அரண்மனைக்கு உள்ளேயும் நோக்கச் செய்கின்றது.

பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் அவ்வழியே நோக்கினார். உத்தமசோழரின் பதினைந்தாண்டு ஆட்சியிற் கொலையாளிகள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதற்குச் சான்றில்லை. இராசராசன் அரசேறிய பின்னரே ஆணை பிறக்கின்றது. ஆதலின் உத்தமசோழருக்குச் சதியிற் பங்கிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. திருவாலங்காட்டுச் செப்பேடோ, அருண்மொழி தன் சிறிய தந்தை அரசை விரும்பும் வரையில் தான் அதனை வேண்டாது நின்றான் எனப் புகழ்கின்றது. அப்புகழுரையின் அடியில் ஒரு மனத்தாங்கல் மறைந்துள்ளதா என்பது ஆராய்தற்குரியது.

இக்கருத்தைச் சதாசிவ பண்டாரத்தார் ஏற்கவில்லை. எதிர்வழக்குக்குத் துணையாகும் செய்திகளும் உண்டு. உத்தமசோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியிலே கோயிற் காரியங்களை ஆராயும் உயர்நிலையில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவரின் மகனுக்கு அத்துணை நம்பிக்கை அளித்தல் இயல்பா? மேலும், உடையார்குடிக் கல்வெட்டு கொலை விசாரணையின் ஏடன்று. துரோகிகளின் நிலம் பற்றியும், அந்நிலத்தைக் கொண்டு செய்யப்பட்ட அறம் பற்றியும் எழுந்த ஆவணமே அது. நிலம் கைமாறாதிருந்தால் அப்பெயர்களும் எஞ்சியிரா. பழைய ஆணையொன்றின் மிச்ச வேலையே இரண்டாம் ஆண்டில் முடிக்கப்பட்டிருக்கவுங் கூடும். ஆகவே உத்தமசோழர்மேல் ஐயம் கொள்ளலாம், தீர்ப்புக் கூறவியலாது.

இதனை மேனாட்டு நாவலொன்றோடு ஒப்புநோக்கல் பயனுடைத்து. பொன்னியின் செல்வன் வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருந்த 1951ஆம் ஆண்டிலேயே யோசபீன் ரே என்பார் எழுதிய நாவலொன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. மருத்துவமனையிற் படுத்திருக்கும் காவல் அதிகாரியொருவர், மூன்றாம் றிச்சார்ட் மன்னனின் ஓவியத்தைக் கண்டு, தமையன் மக்களைக் கொன்றவன் எனும் பழி அவனுக்குப் பொருந்துமா என நூல்களைக்கொண்டு ஆராய்கின்றார். அம்மன்னன் குற்றமற்றவன் என்றும், அவனுக்குப்பின் அரசேறியவனே குற்றவாளி என்றும் அந்நாவல் தீர்ப்பளிக்கின்றது. பலரை வரலாற்றின்பால் ஈர்த்த நூல் அது. ஆயினும் ஒருவன்மேல் இருந்த பழியைத் துடைக்கும்போதே போதிய சான்றின்றி மற்றொருவன்மேல் அதனை ஏற்றியது. 2012ஆம் ஆண்டில் லெஸ்ரர் நகரின் வாகனத் தரிப்பிடமொன்றின் அடியிலிருந்து றிச்சார்ட்டின் எலும்புகள் மீட்கப்பட்டன. முதுகெலும்பின் வளைவும் போர்க்காயங்களும் தெளிவாயின. சிறுவரைக் கொன்றவர் யாரென்பது தெளிவாகவில்லை. எலும்பு தனக்குத் தெரிந்ததையே சொல்லும். கல்லும் அவ்வாறே.

வன்னி நிலத்திலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. அதன் நடுவிலும் ஒரு கல்லே நிற்கின்றது. வன்னியின் இறுதித் தலைவனாகப் போற்றப்படும் பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் டிறிபேர்க் அவ்விடத்தருகே அவனைத் தோற்கடித்தான் எனக் கூறுகின்றது. தோற்கடித்தான் என்பதே கல்லின் சொல், கொன்றான் என்பதன்று. கற்சிலைமடுவே வீரன் வீழ்ந்த இடமெனக் கொண்டாடுவோர் கல்லிற் கூறப்படாத ஒன்றைக் கூட்டிப் படிக்கின்றனர்.

மக்கள் வழக்கிலும் நாடகங்களிலும் வழங்கும் கதை மேலும் ஒரு படி செல்கின்றது. பண்டாரவன்னியன் படைவலியாலன்றிக் காட்டிக்கொடுப்பாலேயே வீழ்ந்தான் என்றும், காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்றும் அக்கதை கூறும். இவ்விடத்திலே வந்தியத்தேவனைப் போன்ற ஒருவன் குதிரையை நிறுத்திச் சற்றுச் சிந்தித்திருப்பான். ஏனெனில் அப்பெயர் முன்னரே கேட்ட பெயர். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் மாதகல் மயில்வாகனப்புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யில், சங்கிலி மன்னனைப் பறங்கியர் கையிற் சிக்கவைத்தவனாகக் காக்கைவன்னியன் என்பானே காணப்படுகின்றான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619ஆம் ஆண்டில். அவ்வீழ்ச்சிக்கும் கற்சிலைமடுப் போருக்கும் இடையே நூற்றெண்பத்து நான்கு ஆண்டுகள் உள்ளன. இரு வீழ்ச்சிக்கும் துரோகியின் பெயர் ஒன்றே!

இதற்கு மூன்று விளக்கங்கள் கூறலாம். ஒரே பெயருடைய இருவர் இரு காலத்திலும் ஒரே வகைத் தீமை செய்திருக்கலாம். அல்லது அப்பெயர் ஒரு குடிக்கோ பதவிக்கோ வழங்கி வந்திருக்கலாம். அல்லது, பழைய கதையின் துரோகி புதிய கதைக்குள் இரவலாக அழைத்து வரப்பட்டிருக்கலாம். வைபவமாலை கற்சிலைமடுப் போருக்கு முற்பட்ட நூலாதலின், மூன்றாம் விளக்கமே பெரிதும் பொருந்துவதாகத் தோன்றும். தோல்வியின் கசப்பை ஆற்றுதற்கு மக்கள் மனம் ஒரு துரோகியை வேண்டி நிற்றல் உலகியல்பு. பீரங்கியால் வீழ்ந்தான் என்பதிலும் பார்க்க, நண்பனாற் காட்டிக்கொடுக்கப்பட்டு வீழ்ந்தான் என்பது வீரனின் புகழைக் குறையாது காக்கும். அதன்பொருட்டு ஒரு மனிதனின் பெயர், அவன் மறுமொழி கூறவியலாத நிலையில், தலைமுறைதோறும் பழி சுமக்கின்றது.

இஃது ஏட்டிலே முடிந்துவிடும் சிறு வழக்கன்று. துரோகி என்னும் சொல் உடையார்குடிக் கல்லிலும் உண்டு; வன்னிக் கதையிலும் உண்டு; ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றிலும் உண்டு. கல்லில் அச்சொல் அரசாணையோடும், பட்டங்களோடும், நிலவிவரத்தோடும் வருகின்றது; ஆயினும் அறிஞர் இன்னும் அதனை நிறுத்துப் பார்க்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதே சொல் ஆவணமோ விசாரணையோ இன்றிச் சிலர்மேல் வீசப்பட்டது. அதனால் உயிர்கள் போயின. பழி கூறுமுன் சான்று கேட்கும் பழக்கம் நாவல் வாசகனின் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு சமூகத்தின் உயிர்க்காவலும் ஆகும்.

சான்று கேட்பதற்கு முன்னதாகச் சான்று இருத்தல் வேண்டும். செட்டிகுளத்தின் பெயரையே எடுத்துக்கொள்க. வெண்கலச் செட்டிகுளம் என வழங்கும் அப்பெயரில் வணிகரும் உளர், குளமும் உண்டு. மாதோட்டத் துறைமுகத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் வணிகக் குடியிருப்பு அமைதல் இயல்பே. வாகல்கடையில் ஐந்நூற்றுவர் எனும் வணிககணத்தாரின் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளமை, ஈழத்தின் உள்நாட்டிலும் அத்தகையோர் இயங்கியதைக் காட்டும். எனினும் பெயர் ஒரு தடயமே, தீர்ப்பன்று. எந்தச் செட்டி, எந்தக் காலம் என்பவற்றை ஊர்க்கதை ஒன்றைக்கொண்டு முடித்துவிடல், காக்கைவன்னியனின் பழியை முடித்துவிட்டதை ஒக்கும்.

அதே செட்டிகுளத்துக்கு அண்மையிலே, 2009ஆம் ஆண்டிற் போரின் இறுதியில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மெனிக் பாம் முகாம்களில் வைக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அங்கு வந்தோருட் பலர் காணி உறுதியையும் பிறப்புப் பதிவையும் குடும்ப ஏடுகளையும் வழியில் இழந்தவர். ஆயிரமாண்டுக்கு முந்திய கொலை ஒரு நிலவிவரத்தால் அறியப்படுகின்றது எனின், நிலவிவரங்களையே இழந்த மக்களின் வரலாறு பிற்காலத்தில் எதனால் அறியப்படும்? எழுதப்படாதவிடத்துக் கதை புகும்; கதை புகுமிடத்துத் துரோகியும் புகுவான். கோயிற் கணக்கும், பாடசாலைப் பதிவேடும், முதியோர் வாய்மொழியும், அது கேட்கப்பட்ட நாளும் இடமும் குறித்துவைக்கப்படுமாயின், பிற்காலத்து ஆராய்ச்சியாளர்க்கு அவை உடையார்குடிக் கல்லைப் போலப் பயன்படும்.

ஆதலின் பொன்னியின் செல்வனை மாணவர் விரும்பிப் படித்தல் வேண்டும். இரவு நெடுநேரம் விளக்கருகே படித்தாலும் குற்றமில்லை. நந்தினியின் சீற்றத்திலும், ஆழ்வார்க்கடியானின் வாதத்திலும், வந்தியத்தேவனின் துடுக்கிலும் மனம் திளைக்கட்டும். நந்தினி கற்பனை என்பதும், வந்தியத்தேவன் கல்வெட்டிற் பெயருடையவன் என்பதும், கரிகாலனின் கொலை மெய்ந்நிகழ்ச்சி என்பதும், கொன்றோர் சிலரின் பெயர் தெரிந்தும் கொல்வித்தோர் உளரோ என்பது தெரியாது என்பதும் உடன் அறியப்படட்டும். ஐந்து பாகம் எழுதி, எவரையும் குற்றவாளியாக்கி முடிக்கத்தக்க நிலையில் இருந்தும், கல் காட்டிய எல்லையைக் கடந்து தீர்ப்புரைக்காது நின்றார் கல்கி. கற்பனை செய்யும் உரிமையுடையார்க்கே அவ்வடக்கம் இயன்றதாயின், உண்மை கூறும் கடமையுடையார்க்கு அஃது இன்றியமையாததாகும்.